தூண்டில்காரரின் பதிவேடு: ஊவா மலையோடைகளில் மீன் வாழிடம் காத்தல்

மீன் குறைந்துவிட்டது என்பது கரையில் நிற்பவரின் மனப்பதிவு. எந்த ஓடையில், எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு குறைந்தது என்பதே சான்று. மனப்பதிவைச் சான்றாக்கவும், அச்சான்றைக் கொண்டு ஓடையின் கெட்டுப்போன பகுதியைத் திருத்தவும், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் செய்யக்கூடியவற்றை இவ்வத்தியாயம் விளக்குகிறது. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் இளைஞர்கள், ஓய்வுநாளில் ஓயாக்கரைக்குச் செல்லும் நகரத்தார், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரைக் கருத்திற்கொண்டு, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத முறைகளே இங்கு தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன.

இங்கு இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். குடிமக்கள் விஞ்ஞானம் என்பது, ஆய்வைத் தொழிலாகக் கொள்ளாத பொதுமக்கள், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரே முறையில் தரவு திரட்டி, அதனை ஆய்வாளரும் அதிகாரிகளும் பயன்படுத்தும் வகையில் ஒப்படைப்பதாகும். வாழிடம் என்பது மீன் நீந்தும் நீரை மட்டும் குறிப்பதன்று. அது முட்டையிடும் சரளைக்கல், வெயிலில் ஒதுங்கும் கரைமர நிழல், வெள்ளத்தில் பதுங்கும் பாறையிடுக்கு, மேலும் கீழும் போய்வரும் தடையற்ற வழி ஆகிய அனைத்தையும் சேர்த்தே குறிக்கும்.

ஊவாவின் நீரும் அதன் மீன்களும்

பதுளை மாவட்டம் ஒரே ஆற்றின் நிலமன்று. பதுளு ஓயா, உமா ஓயா, லொக்கல் ஓயா ஆகியவை வடக்கு நோக்கி ஓடி மகாவலியில் சேர்கின்றன. பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் தோன்றும் கிரிந்தி ஓயா, நமுனுகுலைத் தொடரில் பிறக்கும் மாணிக்க கங்கை, லுணுகலை மலைகளிலிருந்து இறங்கும் கும்புக்கன் ஓயா ஆகியவை தெற்கும் தென்கிழக்குமாகக் கடலை நாடுகின்றன. அப்புத்தளையின் தென்சரிவு நீரோ வளவை கங்கைக்குச் செல்கிறது. ஆகவே ஒரு மலைமுகட்டின் இருபுறத்து ஓடைகளும் இருவேறு கடற்கரைகளுக்குப் போவது இங்கு இயல்பு. நீண்ட காலம் தனித்தனியே பிரிந்திருந்த நீரேந்துப் பிரதேசங்களின் மீன்கள் ஒரே இனத்தவையாகத் தோன்றினாலும் பரம்பரையில் வேறுபட்டிருக்கக்கூடும் என்பதால், ஓர் ஓடையின் மீனை மறு ஓடையில் விடுவது நன்மையெனக் கருதப்படும் தீமையாக முடியலாம். 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம் புஹுல்பொல, டயரபா அணைகளின் நீரைச் சுரங்கவழியாகக் கிரிந்தி ஓயா வடிநிலத்திற்குக் கொண்டுசெல்வதால், இவ்விரு நீர்த்தொகுதிகளிலும் எந்த மீன் எங்கே காணப்படுகிறது என்ற பதிவு முன்னெப்போதையும்விட இப்போது தேவைப்படுகிறது.

இலங்கையின் நன்னீர் மீன்களில் பாதிக்கும் மேற்பட்ட இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. மலையோடைகளில் கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்று, சிங்களத்தில் கல்பாண்டியா எனப்படும் சிறுமீன்; வாயின் அடிப்புறத்திலுள்ள உறிஞ்சுவட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு, வேகமான நீரில் நின்றபடியே கல்மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பது. லேஹெல்லா எனப்படும் மஹ்சீர் வகை மீன் ஆழமான மடுக்களை நாடுவது. தூண்டில்காரர் பெரிதும் மதிப்பது. விலாங்கின் கதை வேறு: அது கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி, மலையோடையில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே போவதால், வழியில் எழும் ஒவ்வோர் அணையும் அதன் வாழ்க்கைச் சுற்றை அறுக்கிறது. ஒரு மேட்டோடையில் விலாங்கு அகப்பட்டால், அந்த ஓடைக்கும் கடலுக்கும் இடையில் எங்கோ வழி இன்னும் திறந்திருக்கிறது, அல்லது வழி அடைபடுவதற்கு முன்பே அது ஏறி வந்துவிட்டது என்று பொருள். மீனின் நீளம் குறிக்கப்பட்டிருந்தால் இவ்விரண்டில் எது என்று ஊகிக்கவும் முடியும்.

மீன் விடுதலும் வாழிடம் திருத்தலும்

மலைநாட்டில் தூண்டில் பொழுதுபோக்கின் வரலாறு மீன் இறக்குமதியோடு தொடங்குகிறது. தேயிலை பரவிய 1880-களில், தோட்டத்துரைமார் தம் நாட்டு ஆறுகளின் நினைவில் டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொணர்ந்து நுவரெலியாப் பகுதி நீரில் பொரிக்கவைத்தனர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் ஒன்றையும் அமைத்தனர். பல ஓடைகளில் விடப்பட்ட போதிலும், ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த நீரில்தான் வானவில் டிரவுட் தானாகவே இனம்பெருக்கி நிலைத்தது. ஆற்றில் மீன் போதவில்லையெனில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவது என்பதே அக்கால அணுகுமுறையாக இருந்தது. 1950-களில் திலாப்பியா குளங்களில் விடப்பட்டதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சியே. திலாப்பியா உழைக்கும் மக்களின் உணவுத்தட்டில் புரதம் சேர்த்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் மண் படிந்து, கரை வெட்டப்பட்டு, நஞ்சு கலந்த ஓடையில் எத்தனை குஞ்சுகளை விட்டாலும், அங்கிருந்த மீன்களை விரட்டிய காரணம் அப்படியே இருக்கிறது.

இவ்வுண்மையைத் தூண்டில்காரரின் பதிவேடே வெளிப்படுத்திய நிகழ்ச்சி காவிரியில் உண்டு. கர்நாடகத்தின் கலிபோரே மீன்பிடி முகாமில், பிடித்த மஹ்சீரை அளந்துவிட்டு உயிருடன் ஆற்றிலேயே விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரை அங்கு தூண்டில் போட்டோர் செலவிட்ட 23,620 மணிநேரமும், பிடித்துவிட்ட 6,161 மஹ்சீர்களின் எடையும் முகாமின் ஏடுகளில் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மிகப் பெரியது ஏறத்தாழ 47 கிலோ. ஆய்வாளர் சிலர் இவ்வேடுகளைப் பெற்று ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு இரு முகங்கொண்டது. மொத்த மீன் எண்ணிக்கை பெருகியிருந்தது. அந்த அளவில் பாதுகாப்பும் பிடித்துவிடும் வழக்கமும் பயனளித்தன எனலாம். ஆனால் பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர். அது 1970-களிலிருந்து பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டு வெளியிலிருந்து காவிரிக்கு வந்த இனம். காவிரித் தொகுதிக்கே உரிய திமில் மஹ்சீரின் பங்கோ பதிவான மீன்களில் ஏறத்தாழ 20இல் ஒன்றாகச் சுருங்கி, ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டிருந்தது. 2018இல் அம்மீனின் சரியான விஞ்ஞானப் பெயர் உறுதிசெய்யப்பட்டு, அது மிகுந்த அழிவாபத்திலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மீன் விடுவதை ஊக்குவித்த தூண்டில்காரரின் கைப்பதிவே, அவ்வாறு விட்டதன் விலையையும் காட்டியது. எடையையும் நேரத்தையும் மட்டுமல்லாது மீனின் வகையையும் அவர்கள் பிரித்தெழுதியிருந்ததால்தான் அது இயன்றது.

ஊவாவின் தூண்டில்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது: மீனை விடுவதற்கு முன் ஓடையைப் படிக்க வேண்டும், ஓடையைப் படித்த பின் பெரும்பாலும் மீனை விட வேண்டியிராது, மீன் திரும்பி வருவதற்குத் தடையானதை நீக்குவதே போதுமானதாக இருக்கும்.

பதிவேட்டை எழுதும் முறை

ஒவ்வொரு முறை தூண்டில் போடும்போதும் எட்டு விடயங்கள் எழுதப்பட வேண்டும்: நாள், ஓடையின் பெயரும் இடமும், தொடங்கிய, முடித்த நேரம், தூண்டில்களின் எண்ணிக்கை, இரையும் முள்ளின் அளவும், நீரின் நிறமும் மட்டமும், பிடிபட்ட ஒவ்வொரு மீனின் வகையும் நீளமும், அது விடப்பட்டதா, எடுத்துச்செல்லப்பட்டதா என்பது. இவற்றுள் பெரும்பாலோர் எழுதத் தவறுவது நேரத்தையே. மீன் எண்ணிக்கை தனியாக நின்றால் எதனையும் சொல்லாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு மாதத்தில் 2 பேர் 3 மணிநேரம் தூண்டில் போட்டு 12 மீன் பிடித்தனர். அடுத்த மாதம் ஒருவர் 2 மணிநேரத்தில் 6 மீன் பிடித்தார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மீன் பாதியாகிவிட்டது. ஆனால் ஆளுக்கொரு தூண்டில் என்று கொண்டு மணிநேரத்தால் பெருக்கினால், முதல் மாதத்தின் முயற்சி 6 தூண்டில்மணி, ஆகவே மணிக்கு 2 மீன். இரண்டாம் மாதத்தின் முயற்சி 2 தூண்டில்மணி, ஆகவே மணிக்கு 3 மீன். முயற்சியால் வகுத்த இவ்வீதமே ஒரு மாதத்தை மறு மாதத்தோடும் ஒரு மடுவை மறு மடுவோடும் ஒப்பிட உதவுவது.

இதனால் ஒன்றும் அகப்படாத நாளை எழுதாமல் விடுவது பெருந்தவறாகிறது. மீன் கிடைத்த நாள்களை மட்டும் கொண்ட ஏடு, வற்றிப்போன ஓடையையும் வளமானதாகக் காட்டும். மூன்று மணிநேரம், ஒரு தூண்டில், மீன் இல்லை என்ற வரி மற்ற எல்லா வரிகளுக்கும் ஈடான மதிப்புடையது.

மீனின் நீளத்தை அளக்க, ஓரத்தில் சென்ரிமீற்றர் கோடு வரைந்த பலகை போதும். பலகையையும் கைகளையும் முன்பே நனைத்துக்கொண்டால் மீனின் மேலுள்ள வழவழப்பான சீதப்படலம் உரியாது. அப்படலமே மீனை நோய்க்கிருமியிலிருந்து காப்பது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கி மழுக்கிவிட்டால் மீனின் வாய் கிழியாமல் கழற்றலாம். பக்கவாட்டில் ஒரு படமும், துடுப்பு விரிந்த நிலையில் ஒரு படமும் எடுத்து, பெயர் தெரியாத மீனுக்குப் பெயரை ஊகித்தெழுதாமல் படத்தின் எண்ணை மட்டும் குறிப்பது நல்லது. பிழையான பெயர், பெயரின்மையைவிடக் கேடானது. அரிய மீன் கிடைத்த இடத்தைச் சமூக ஊடகத்தில் துல்லியமாக வெளியிடலாகாது. அலங்கார மீன் பிடிப்போருக்கு அது வழிகாட்டியாகிவிடும்.

கல்லடியிலுள்ள சான்று

மீன் இடம்பெயரக்கூடியது, கல்லடியில் வாழும் பூச்சிக் குடம்பிகள் அவ்வாறு எளிதில் தப்ப இயலாதவை. ஒருவரும் கரையில் நிற்காத இரவில் நஞ்சு கலந்து ஓடிப்போனாலும், அதன் தடயம் வாரக்கணக்கில் கல்லடியில் இருக்கும். இந்த அடிப்படையில் இங்கிலாந்தின் தூண்டில்காரர் 2007 முதல் ஆற்றுப்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நடத்திவருகின்றனர். பயிற்சி பெற்ற ஒருவர் மாதந்தோறும் ஒரே இடத்தில், வலையை நீரோட்டத்திற்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னுள்ள சரளையை 3 நிமிடம் காலால் கிளறி, மேலும் 1 நிமிடம் கற்களைக் கையால் புரட்டிப் பார்த்து, வலையில் சேர்ந்தவற்றை வெள்ளைத் தட்டில் இட்டு எண்ணுகிறார். எட்டு வகைகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஒரு வகையில் 1 முதல் 9 வரை இருந்தால் 1 புள்ளி, 10 முதல் 99 வரை 2, 100 முதல் 999 வரை 3, அதற்கு மேல் 4. கூட்டுத்தொகை அந்த இடத்திற்கென முன்பே குறிக்கப்பட்ட எச்சரிக்கை மட்டத்திற்குக் கீழிறங்கினால், சுற்றாடல் அதிகாரிகளுக்குத் தகவல் செல்கிறது. நிபுணரின் பெயர்ப்பட்டியல் அறிவின்றி, எட்டு உருவங்களை அடையாளங்காணும் பயிற்சி மட்டும் கொண்டு இது நடைபெறுவதே இதன் சிறப்பு.

அந்த எட்டு வகைகளை அப்படியே பதுளைக்குக் கொண்டுவர இயலாது. ஐரோப்பிய ஆறுகளின் பூச்சிக் கூட்டமும் வெப்பநிலையும் வேறு. முறையை எடுத்துக்கொண்டு, வகைகளையும் எச்சரிக்கை மட்டத்தையும் உள்ளூரிலேயே அமைக்க வேண்டும். இதற்கு, தோட்டத்திற்கு மேலே காட்டிலிருந்து வரும் ஓடைப்பகுதி ஒன்றை ஒப்பீட்டு இடமாகக் கொள்ளலாம். அங்குள்ள கல்லொன்றைப் புரட்டினால், வால்முனையில் இரண்டு மூன்று மயிரிழைகளோடு கல்லில் தட்டையாக ஒட்டி ஓடும் மேப்பூச்சிக் குடம்பிகள், சிறுகல்லையும் மணலையும் பட்டிழையால் கோத்துக் கூடுகட்டி அதற்குள் வாழும் குடம்பிகள், தும்பியின் குடம்பிகள், சிறு நண்டுகள், இறால்கள் ஆகியவற்றைக் காணலாம். தோட்டக் குடியிருப்புகளான லயன்களுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் கீழேயுள்ள பகுதியில் இவை அருகி, சேற்றில் நெளியும் செந்நிறப் புழுக்கள் மிகுந்திருந்தால், ஒட்சிசன் குறைந்த கழிவுநீர் கலக்கிறது எனக் கருத இடமுண்டு. கூடு கட்டுபவையும் கல்லில் ஒட்டி வாழ்பவையும் மட்டும் மறைந்து, கல்லின் அடிப்புறம் நுண்மண்ணால் நிறைந்திருந்தால் காரணம் மண்ணரிப்பு. எல்லாமே ஒரேயடியாக இல்லாமற்போனால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் நீரியல் வளத்துறை ஆசிரியர்களை அணுகி, முதலாண்டில் எடுக்கும் மாதிரிகளைச் சரிபார்த்து எச்சரிக்கை மட்டத்தை வகுத்துக்கொள்வது அறிவார்ந்த தொடக்கமாகும்.

நீரோட்டத்தையும் கூடவே அளக்கலாம். நேராக ஓடும் 10 மீற்றர் தூரத்தைக் கயிற்றால் குறித்து, ஒரு தோடம்பழத்தை மேலிருந்து விட்டு, அது கடக்கும் வினாடிகளை மூன்று முறை எண்ணிச் சராசரி கண்டு, தூரத்தை அதனால் வகுத்தால் மேற்பரப்பு வேகம் கிடைக்கும்; அடிநீர் மெதுவாக ஓடுவதால் அதனை 0.85ஆல் பெருக்கி, பின்னர் ஓடையின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கனமீற்றர் நீர் ஓடுகிறது என்பது தெரியும். சிறு நீர்மின் நிலையங்கள் நீரைக் குழாயில் திருப்பும் ஓடைகளில், திருப்பிய இடத்திற்குக் கீழே எஞ்சும் நீர் மீனுக்குப் போதுமா என்ற விவாதத்தில் இந்த எண் முதற்சான்றாகும்.

திருத்தப் பணிகள்

தேயிலை மலையில் ஓடையைக் கெடுப்பவற்றுள் முதலிடம் மண்ணுக்கே உரியது. சரளையின் இடுக்குகளில் இடப்பட்ட முட்டைகளுக்கு ஒட்சிசன் கொண்டுசெல்லும் நீர், நுண்மண் அந்த இடுக்குகளை அடைத்ததும் நின்றுவிடுகிறது. பாறைப் பாசி மண்ணால் மூடப்படுவதால் கல்பாண்டியா போன்றவை உணவிழக்கின்றன. தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படும் கான்களும், அவற்றினிடையே மண்ணைத் தேக்கும் குழிகளும் இதற்காகவே ஏற்பட்டவை. ஆனால் குழிகள் நிரம்பியபின் அள்ளப்படாவிட்டால் கானே மண்ணை ஓடைக்கு எடுத்துச்செல்லும் வாய்க்காலாகிவிடுகிறது; அள்ளிய மண்ணை ஓடைப்பக்கம் கொட்டினாலும் விளைவு அதுவே. கவ்வாத்து முடிந்த மலையிலும், மீள்நடுகைக்காகப் பிடுங்கிய நிலத்திலும் மழைக்கு முன் கான்குழிகள் அள்ளப்பட்டனவா என்று பார்த்துப் படமெடுத்துத் தோட்ட நிர்வாகத்திடம் காட்டுவது, தூண்டில்காரர் செய்யக்கூடிய செலவில்லாத வாழிடத் திருத்தமாகும். வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களில் செங்குத்துப் பாத்திகளைக் குறுக்குப் பாத்திகளாக மாற்றுவதும் இவ்வகையினதே.

இரண்டாவது பணி கரை. ஓடையின் இருபுறமும் சில மீற்றர் அகலத்திற்காவது மருந்தடிப்பையும் புல்வெட்டையும் நிறுத்திவிட்டால், பல இடங்களில் நடுகையின்றியே செடிகொடி எழும். நடுவதாயின் தாழ்ந்த பகுதிகளில் கும்புக் எனப்படும் மருது, மூங்கில், தாழை ஆகியவையும், அரிக்கும் விளிம்புகளில் வெட்டிவேரும் ஏற்றவை. நீரை மிகுதியாக உறிஞ்சும் யூக்கலிப்டஸ் கரைக்கு ஆகாது. மழைக்காட்டுக் கூட்டமைப்பான ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் சான்றிதழ் பெறும் தோட்டங்கள் நீர்நிலையோரத்தில் இயற்கைத் தாவர வலயம் பேணவும், அங்கு இரசாயனம் தெளிக்காதிருக்கவும் கடமைப்பட்டவை என்பதால், கரைப்பணிக்கு நிர்வாகத்தின் ஒப்புதலைக் கேட்கும்போது இதனை நினைவூட்டலாம்.

மூன்றாவது பணி வழித்தடை. பழைய பீலிக் கட்டுகள், பயன்பாடற்ற சிறு அணைக்கட்டுகள், பாலத்தடிக் குழாய்கள் ஆகியவற்றுள் எவை மீன் ஏறுவதைத் தடுக்கின்றன என்று உயரத்தோடும் படத்தோடும் பட்டியலிட வேண்டும். பட்டியலிடுவது மட்டுமே தொண்டர் வேலை. எந்தக் கட்டையும் தாமாக உடைக்கலாகாது. அது ஒருவேளை கீழேயுள்ள ஒரு லயனுக்குக் குடிநீர் தருவதாக இருக்கலாம். இயற்கை நீர்வீழ்ச்சிகள் தடைகளாகக் கருதப்படமாட்டா; 64 மீற்றர் உயரத் துன்ஹிந்தைக்கு மேலும் கீழும் மீன்கூட்டம் வேறுபட்டிருப்பது இயற்கையின் ஏற்பாடு.

காலத்தைப் பொறுத்தவரை, ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்வதால், நீர் குறைந்த ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலமே கரையின் அளவெடுப்புக்கும் தடைகளின் பட்டியலுக்கும் உரியது. நடுகை ஒக்டோபர் மழையோடு தொடங்கலாம். மழைக்காலத்தில் திருத்தப் பணிக்காக ஓடைப்படுகையைக் கிளறுவது முட்டைகளை அழிக்கும்.

அனுமதியும் பாதுகாப்பும் முறையீடும்

தோட்டநிலத்துள் செல்ல நிர்வாகத்தின் அனுமதியும், ராவணா எல்லை போன்ற சரணாலயங்களுள் பணிசெய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நிலச்சரிவு அபாயமுள்ள சரிவில் கரையை வெட்டுவதோ நீர்போக்கை மாற்றுவதோ கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்சரிவை மறக்கலாகாத இம்மாவட்டத்தில், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடத்தைப் பார்த்த பின்னரே மண்வெட்டியை எடுக்க வேண்டும். மேட்டில் மழை இருண்டால் நீரைவிட்டு ஏற வேண்டும். காலில் புண்ணுள்ளவர், எலிக்காய்ச்சலின் பொருட்டு, நீரில் இறங்காதிருப்பது நல்லது. உயிருள்ள இரைமீனை ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்கு எடுத்துச்செல்லவோ, வீட்டுத் தொட்டி மீன்களை ஆற்றில் விடவோ எக்காரணத்தாலும் கூடாது.

நஞ்சிட்டோ வெடிவைத்தோ மீன்பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. செத்த மீன் மிதப்பதைக் கண்டால், எடுத்துச் சமைக்காமல், முதலில் நேரத்தையும் இடத்தையும் எழுதி, சுத்தமான போத்தலில் நீரை விளிம்புவரை நிரப்பி மூடி, குளிரில் வைத்து, படங்களோடு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திற்கும் பிரதேச செயலகத்திற்கும் அன்றே அறிவிக்க வேண்டும். நபர்களைப் பெயரிட்டுக் குற்றஞ்சாட்டுவது தொண்டரின் வேலையன்று. கண்டதை மட்டும் எழுதுவதே அவரைப் பாதுகாக்கும்.

ஓராண்டு இம்முறைகளைக் கடைப்பிடித்த ஒரு சிறு குழுவின் கையில் மூன்று ஏடுகள் இருக்கும்: தூண்டில்மணி வீதம், கல்லடிப் புள்ளி, கரையும் தடைகளும் பற்றிய பட்டியல். தோட்ட நிர்வாகத்துடனோ பிரதேச சபையுடனோ பேசும் மேசையில், அவ்வேடுகளைத் திறந்து, எந்தக் கானுக்குக் கீழே எந்த மாதத்தில் புள்ளி சரிந்தது என்று காட்ட முடிந்தால், அந்தக் கானின் குழிகளை அள்ள ஆளனுப்புவது அடுத்த வாரத்தின் வேலைப் பட்டியலில் சேரக்கூடிய ஒன்றாகிவிடும். மறுமுறை எடுக்கும் மாதிரியில் கூடுகட்டும் குடம்பிகள் திரும்பியிருந்தால் அதே ஏடு அதனையும் சொல்லும். திரும்பாவிட்டால், காரணம் வேறிடத்தில் தேடப்பட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.